இம்மாதமும் இல்லை

எயோதாரு கத்தரிக்கும் நீலம்
எனியாவு ஆற்றங்கரையில் வேறெதிலும் இல்லாத நீலம்.
வானத்தில் இல்லை.
மீன்கொத்தியிடம் கொஞ்சம் இருக்கிறது, போதாது.
ட்செட்சி ஈக்கு அது பிடிக்கும்.
ஏனென்று தெரியாது என்பதைத்தான்
அவளுடைய முதல் கட்டுரையும் சொன்னது,
பதினோரு பக்கம் சுற்றி வளைத்து.

முழ நீளத் துணி. பாதி நீலம், பாதி கறுப்பு வலை.
மருந்தில் தோய்த்துக் குச்சியில் கட்டி
ஐம்பது மீட்டருக்கு ஒன்றாய் நட்டார்கள்.
முதல் வாரமே நூற்று நாற்பது காணோம்.
ஞாயிறு காலை தேவாலயத்தில் அகப்பட்டன:
ஒரு குழந்தையின் இடுப்பில்,
பாடற்குழுப் பெண்கள் இருவரின் தலையில்,
பாதிரியாரின் சைக்கிள் இருக்கையில்.
அங்குசு எழுந்து கத்தப் போனான்.
அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.
பாட்டு முடியட்டும் என்றாள்.
திங்கட்கிழமை வீடு வீடாகப் போய்
பூப்போட்ட துணி கொடுத்து நீலத்தை மீட்டாள்.
அம்மாதச் சம்பளம் அருவா சந்தையில் தீர்ந்தது.

பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வந்தவன் நான்.
முப்பத்தோரு வருடம்,
நாற்பத்தாறு பேரேடுகள்,
சிலவற்றைக் கரையான் எனக்கு முன்பே படித்திருந்தது.

இறக்கை களைந்து, கால் களைந்து,
உப்புநீர்ச் சொட்டில் கிடத்தி
வயிற்று நுனியை ஊசியால் இழுத்தால்
குடல் வரும், ஈர நூல் மாதிரி.
பிறகு தலை. பிறகு எச்சில் சுரப்பி.
நாளொன்றுக்கு எண்பது ஈ.
ஆயிரத்தில் ஒன்றில் அது நெளியும்.

முட்டையிடாது இந்த ஈ.
உள்ளேயே பால் ஊட்டி வளர்த்து
ஒரு சமயத்தில் ஒரே ஒரு புழுவைப் பெறும்.
அறுக்கும்போது வெள்ளையாய் உருண்டு வரும்,
அம்மாவுக்குள் அம்மாவளவு.
மகனைச் சுமந்த எட்டாம் மாதத்திலும் அறுத்திருக்கிறாள்.
அந்த வாரப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
கையெழுத்து மாறவேயில்லை.

என் மொழியில் இதற்கு ஒற்றை எழுத்துப் பெயர் என்றேன்.
ஈ.
கொடு என்றாலும் அதே எழுத்து.
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்
கொடுத்தது போதும் என்றாள்.

ஒந்தொகாவைப் பற்றி அங்குசுதான் சொன்னான்.
சைக்கிள் பழுது பார்ப்பவர்.
நண்பகலில் கையில் ஸ்பேனரோடு தூங்குவார்,
இரவெல்லாம் விழித்து
தெருக்கதவுகளை எண்ணிக்கொண்டு நடப்பார்.
முதுகுத்தண்டு நீரில் அதைக் கண்டவள் எயோதாரு.
சீட்டில் ‘உண்டு’ என்று எழுதியதும் அவளே.
அப்போதைய மருந்து ஆர்செனிக்.
பிளாஸ்டிக் குழலை அரித்துவிடும் என்று
கண்ணாடிக் குழலில்தான் ஏற்றுவார்கள்.
இருபதில் ஒருவர் நோயால் அல்ல, அதனால் போவார்கள்.
அவ்வருடம் இருபது பேருக்குப் போட்டார்கள்.
பத்தொன்பது பேர் வீட்டுக்கு நடந்து போனார்கள்.

பேரேட்டில் அந்த நாளில்
எழுபத்தொன்பது ஈக்கள்தான்.

இப்போது மாத்திரை வந்துவிட்டது.
நோயாளிதான் வரவில்லை,
ஆறு வருடமாய்.
ஈயில் எட்டு வருடமாய்.
மாதக் கடைசியில் அவள் எழுதுவது ஒரே வரி:
இம்மாதமும் இல்லை.

என் கணினி அதை ஏற்கவில்லை, எண் கேட்டது.
சுழியம் போட்டேன்.
திரையை எட்டிப் பார்த்தவள்
போன வருடம் வெள்ளத்தில் போகாத
மூன்று மாதங்களைத் தொட்டுக் காட்டினாள்.
அங்கேயும் சுழியம் விழுந்திருந்தது.
இது பார்த்து இல்லை, அது பார்க்கவே இல்லை என்றாள்.
இரண்டையும் ஒன்றாக்கினால்
என் வாழ்க்கையை நீ கூட்டவே முடியாது.
மூன்றையும் காலியாக்கினேன்.

கம்பாலாவிலிருந்து கடிதம்:
நோய் ஒழிந்ததில் மகிழ்ச்சி,
அடுத்த ஆண்டுக்கு நிதி இல்லை.
அங்குசு அதை இரண்டு தடவை உரக்கப் படித்தான்,
இரண்டாம் தடவை பாதிரியார் குரலில்.
அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
மூலையில் இருந்த சுருளை இழுத்துப் போட்டு அளந்தாள்.
அறுபத்திரண்டு மீட்டர் நீலம்.
மார்ச் வரைக்கும் வரும் என்றாள்,
பாதிரியார் சைக்கிளைப் பூட்டி வைத்தால்.

கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டாள்.
என் மடியில் இருந்தது.